பெப்பர்மிண்ட்டும் வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதினா இலை, புதினா உப்பு, பெப்பர்மிண்ட் எண்ணெய் மாத்திரை என்று ஏதாவது ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை.

பெப்பர்மிண்ட்டும் சமையல் புதினாவும் ஒண்ணுதானே?

ஒரே குடும்பம், வேறு செடி. சமையலுக்கு வாங்குவது பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா. அதன் மணம் கார்வோன் என்ற பொருளால் வருவது, சில்லென்ற உணர்வைத் தரும் மெந்தால் மிகக் குறைவு. அந்தச் செடியும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினம்தான் பெப்பர்மிண்ட். அதன் எண்ணெயில் மெந்தால் மட்டும் ஏறக்குறைய 30 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். இலையைக் கடித்துப் பாருங்கள். நாக்கில் சில்லென்று ஏறினால் மெந்தால் உள்ள இலை. மணம் இனிமையாக வந்து குளிர்ச்சி தெரியவில்லை என்றால் சமையல் புதினா.

மூன்றாவதாக ஜப்பான் புதினா எனப்படும் மெந்தா ஆர்வென்சிஸ் இருக்கிறது. படிகமாக விற்கும் புதினா உப்பு, அதாவது மெந்தால், பெரும்பாலும் இதன் எண்ணெயிலிருந்து எடுப்பதே. சமையல் புதினாவும் வயிற்றுக்கு உதவாமல் இல்லை. பசியின்மை, லேசான பொருமல், குமட்டல் இவற்றுக்கு அது போதும். குடல் இழுத்துப் பிடிக்கும் வலிக்குத்தான் மெந்தால் தேவைப்படுகிறது.

இது ஆயிரக்கணக்கான வருஷத்து ஆயுர்வேத மருந்துன்னு பாட்டில்ல போட்டிருக்கே?

பெப்பர்மிண்ட் அப்படி இருக்க வழியில்லை. இந்தக் கலப்பினம் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கவனத்துக்கு வந்தது. லின்னேயஸ் அதற்கு மெந்தா பைபெரிட்டா என்று பெயரிட்டது 1753-இல். பண்டைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் அதைக் கையில் எடுத்திருக்க முடியாது. ஆயுர்வேத மருத்துவர்கள் பிற்காலத்தில் புதினா வகைகளைத் தங்கள் முறைப்படி சுவை, குணம், வீரியம் பார்த்து வகைப்படுத்திச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு மூலிகையை எப்படிப் பார்ப்பது என்ற முறை பழையது, இந்த மூலிகை புதியது, அவ்வளவுதான். ஆனால் இதிலேயே கதை விடும் லேபிள், மற்ற விவரங்களிலும் விட்டிருக்கலாம் என்று கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

வாயில போட்டா சில்லுன்னு இருக்கு. அப்போ குளிர்ச்சிதானே, பித்தத்துக்கு நல்லதுதானே?

அதிகம் ஏமாற்றுவது இதுதான். மெந்தால் எதையும் குளிர வைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டிவிடுகிறது, அதனால் குளிர்ச்சி போலத் தெரிகிறது. அந்த இடத்தின் வெப்பநிலை அப்படியேதான் இருக்கும்.

திரவியகுணப் பார்வையில், அதாவது ஆயுர்வேதம் மருந்துப் பொருள்களின் குணம் சொல்லும் முறையில், புதினா கார்ப்புச் சுவை, லகு (இலேசானது), ரூட்சம் (வறட்சி தருவது), தீட்சணம் (கூர்மையாக ஊடுருவுவது), உஷ்ண வீரியம் (சூடு தரும் ஆற்றல்). தீபனம் (பசியைத் தூண்டுவது), பாசனம் (செரிக்க வைப்பது), வாதானுலோமனம் (வாயுவைக் கீழ்நோக்கி நகர்த்துவது) என்பவை அதன் வேலைகள். இந்தப் பட்டியலில் பித்தத்தைத் தணிக்கும் குணம் எங்கும் இல்லை. எரிச்சலோடு வருபவருக்கு அனுபவமுள்ள வைத்தியர் புதினாவை யோசித்தே கொடுப்பதற்கு இதுவே காரணம்.

அப்போ எந்த மாதிரி வயிற்றுக் கோளாறுக்கு இது கேட்கும்?

இழுத்துப் பிடிக்கும் வயிற்றுக்குக் கேட்கும், எரியும் வயிற்றுக்குக் கேட்காது. குடல் சுவரில் உள்ள மென்தசைகள் சுருங்குவதற்குக் கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். மெந்தால் அந்த வாயிலை ஓரளவு அடைக்கிறது, தசை தளர்கிறது, அடைபட்ட வாயு நகர்கிறது. அதனால் சாப்பிட்ட பின் வரும் பொருமல், வாயு நின்று குத்தும் வலி, விட்டுவிட்டுப் பிடிக்கும் வலி, குமட்டல் ஆகியவற்றில் பலன் தெரியும்.

வயிற்றுப் புண், பல நாள் மலச்சிக்கல், கிருமியால் வந்த பேதி ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. பேதியின்போது வயிற்றுப் பிடிப்பு கொஞ்சம் குறையலாம். ஆனால் அப்போது உடலுக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்.

டீ எப்படிப் போடணும்? அளவு சொல்லுங்க.

காய்ந்த பெப்பர்மிண்ட் இலை 1.5 முதல் 3 கிராம். குவியாத ஒன்றரை முதல் மூன்று டீஸ்பூன் வரும், ஆனால் இலை எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். முதல் தடவை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு கண்ணளவு போதும். பச்சை இலை என்றால் சுமார் 10 கிராம், அதாவது ஒரு கைப்பிடி, லேசாகக் கசக்கிப் போட வேண்டும். 150 மில்லி நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, இலை மேல் ஊற்றி, உடனே மூடி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். வடிகட்டுமுன் மூடியின் உட்புறம் தேங்கிய துளிகளைக் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள். ஆவியோடு ஏறிய எண்ணெய் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

நாளைக்கு மூன்று தடவை வரை குடிக்கலாம். பல வீடுகளில் நடப்பது, இலையைப் போட்டுத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது. வீடு முழுக்க மணக்கும், கோப்பையில் வெறும் பச்சை நீர்தான் மிஞ்சும்.

கஷாயம் மாதிரி நல்லா கொதிக்க வச்சு வத்த விட்டாத்தானே சத்து இறங்கும்?

வேர், பட்டை, கட்டை போன்ற கடினமான பொருள்களுக்கு அது சரி. ஆயுர்வேதம் மூலிகையைத் தயாரிக்கும் அடிப்படை முறைகளை ஐந்தாகச் சொல்கிறது. சாறு பிழிவது ஸ்வரசம், அரைப்பது கல்கம், கொதிக்க வைத்து வற்றச் செய்வது க்வாதம், குளிர்ந்த நீரில் இரவெல்லாம் ஊறவைப்பது ஹிமம், கொதிநீர் ஊற்றி மூடி வைப்பது பாண்டம். மணமுள்ள மென்மையான இலைகளுக்கு உரியது பாண்டம். மேலே சொன்ன டீ அதுதான், கொஞ்சம் நீர்த்த வடிவில்.

பெப்பர்மிண்ட்டில் வேலை செய்யும் பகுதி ஆவியாகும் எண்ணெய். கால் பங்காக வற்ற விட்டால் அது பறந்துபோய்த் துவர்ப்பும் கசப்பும் மட்டும் தங்கும். டீ கசந்தால் இலை அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைப்பவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது கொதிக்கும் நேரத்தை.

சீரகம், சோம்பு, சுக்கு எல்லாம் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், வரிசை முக்கியம். விதையும் சுக்கும் கொதிக்க வேண்டும், இலை கொதிக்கக் கூடாது. 200 மில்லி நீரில் அரை டீஸ்பூன் சீரகம், அரை டீஸ்பூன் சோம்பு இரண்டையும் ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு 4 நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு மூடுங்கள். உப்புசம்தான் முக்கியத் தொல்லை என்றால் இந்தக் கூட்டு நல்லது.

குமட்டலும் மந்தமும் தூக்கலாக இருந்தால் சோம்புக்குப் பதில் கால் டீஸ்பூன் சுக்குப் பொடி. எரிச்சல் உள்ளவர்கள் சுக்கையும் ஓமத்தையும் விட்டுவிடுங்கள். தேன் வேண்டுமென்றால் டீ வெதுவெதுப்பாக ஆன பிறகு. சூட்டில் தேன் கலப்பதை ஆயுர்வேதம் ஏற்பதில்லை.

பச்சை இலையை அரைச்சுச் சாறா குடிச்சா சீக்கிரம் கேட்குமா?

சாறு 5 மில்லி, இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை இந்துப்பு, இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர். சாப்பாடு நெஞ்சில் நிற்பது போன்ற மந்தத்துக்கு இது டீயைவிடச் சற்று வேகமாக வேலை செய்யும். இஞ்சிச் சாற்றைப் பிழிந்ததும் பத்து நிமிடம் அசையாமல் வைத்துத் தெளிந்த மேல்பகுதியை மட்டும் எடுங்கள், அடியில் படியும் வெள்ளை மாவு வேண்டாம். இலையைப் பல தடவை நல்ல நீரில் அலசியே அரைக்க வேண்டும். டீயில் கொதிநீர் பெருமளவு கிருமிகளைக் கொன்றுவிடும், சாற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சூரணமா செஞ்சு வச்சுக்கலாமா?

இலையை நிழலில், கையில் நொறுங்கும் வரை உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் மணம் போய்விடும். இலைப் பொடி 4 பங்கு, வறுத்த சீரகம் 2 பங்கு, சுக்கு 2 பங்கு, ஓமம் 1 பங்கு, இந்துப்பு அரைப் பங்கு. 1 முதல் 2 கிராம், வெந்நீரில், சாப்பாட்டுக்குப் பிறகு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் செய்துகொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு மேல் வைத்த பொடியில் மணமே இருக்காது, அதில் மருந்தும் இருக்காது.

சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பசி எடுக்கவில்லை என்றால் அரை மணிநேரம் முன்பு. பொருமலுக்கும் வாயுவுக்கும் சாப்பிட்டு அரை மணி, ஒரு மணிநேரம் கழித்து. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெப்பர்மிண்ட் டீ உணவிலுள்ள தாவர இரும்புச்சத்தை உறிஞ்சவிடாமல் பெரிய அளவில் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. இரும்பு மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணிநேரமாவது இடைவெளி வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிச்சேன், இன்னும் அதிகமாத்தான் ஆச்சு. ஏன்?

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அமிலம் மேலே வராமல் இறுக்கிப் பிடிப்பது அதுதான். குடல் தசையைத் தளர்த்தும் அதே மெந்தால் இந்த வளையத்தையும் தளர்த்துகிறது, அமிலம் மேலேறுகிறது. உஷ்ண வீரியம் என்று மேலே பார்த்ததும் ஏறக்குறைய இதே எச்சரிக்கையைத்தான் தருகிறது.

புளித்த ஏப்பம், படுத்தால் எதுக்களிப்பு, ஹையாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிவிடுவது) இவை இருப்பவர்களுக்குப் பெப்பர்மிண்ட் எந்த வடிவிலும் ஏற்றதல்ல. அவர்கள் சீரகம், சோம்பு மட்டும் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். பொருமல், எரிச்சல் இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கும் இதே பதில்தான். முதலில் எரிச்சலுக்கு வழி பாருங்கள்.

அமிர்ததாரா வீட்டிலேயே செய்யலாமாமே? எப்படி?

அமிர்ததாரா என்பது வயிற்றுக் கோளாறுக்கு மரபாகக் கொடுக்கும் சொட்டு மருந்து. புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றும் சம எடை. தலைக்கு 5 கிராம் எடுத்து ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடிக் குலுக்கி வைத்தால், தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமல் மூன்றும் உருகித் தெளிந்த திரவமாகிவிடும். மாயமில்லை. தனித்தனியே புதினா உப்பு சுமார் 42 டிகிரி செல்சியஸிலும் ஓம உப்பு 50 டிகிரியிலும் கற்பூரம் 175 டிகிரிக்கு மேலும்தான் உருகும். ஒன்றோடொன்று கலக்கும்போது உருகுநிலை அறை வெப்பத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உருகத் தாமதமானால் அடுப்பில் காட்டாதீர்கள், இதன் ஆவி தீப்பற்றும். குப்பியைக் கைச்சூட்டில் பிடித்துக் குலுக்கினால் போதும். பிளாஸ்டிக் குப்பி, ரப்பர் மூடி இரண்டும் ஆகாது, இந்தத் திரவம் அவற்றை இளக்கிவிடும்.

மரபில் சொல்லும் அளவு 2 முதல் 3 சொட்டு. நீரில் நேராக விட்டால் கரையாமல் மேலே மிதந்து உதட்டையும் தொண்டையையும் சுடும். அரை டீஸ்பூன் சர்க்கரையில் சொட்டைக் குழைத்து, பிறகு அரை டம்ளர் நீரில் கலக்குங்கள். நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம், ஓரிரு நாளுக்கு மேலும் வேண்டாம். பழக்கமாக எடுக்கும் மருந்தல்ல இது.

கற்பூரத்தில்தான் ஆபத்து. ஏற்றி வழிபடும் கற்பூரத்தை எக்காரணம் கொண்டும் போடக் கூடாது. உண்ணத் தக்க பச்சைக் கற்பூரமும் அளவு மீறினால் நஞ்சுதான். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், சிறு குழந்தைக்கு ஒரு கிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம்.

வாசனைக்கு வாங்கின பெப்பர்மிண்ட் எண்ணெயை ஒரு சொட்டு தண்ணில விட்டுக் குடிக்கலாமா?

கூடாது. வாசனைக்காக விற்கும் எண்ணெய் உள்ளே எடுப்பதற்கான தரத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. புதினா இன எண்ணெய்களில் புலெகோன் போன்ற, கல்லீரலைக் கெடுக்கும் பொருள்களும் இருக்கக்கூடும், மருந்துத் தரம் என்றால் அவற்றுக்கு வரம்பு உண்டு. ‘பென்னிராயல்’ என்ற பெயரில் வரும் புதினா எண்ணெயை விழுங்கி இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

வயிற்றின் மேல் தடவலாம். ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் 4, 5 சொட்டு கலந்து, தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் சுற்றும் திசையில். பெருங்குடல் நகரும் திசையும் அதுதான்.

காப்ஸ்யூலா வருதே, அதுக்கும் டீக்கும் என்ன வித்தியாசம்?

இறங்கும் இடம்தான். டீ இரைப்பையிலேயே வேலையைத் தொடங்கிவிடும். என்டெரிக் கோட்டிங் உள்ள காப்ஸ்யூல் இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலுக்குப் போய் உடையும். எரிச்சல்மிகு குடல் நோயில், அதாவது ஐபிஎஸ் என்று மருத்துவர்கள் சொல்வதில், ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகைக் காப்ஸ்யூலை வைத்தே நடந்திருக்கின்றன. ஒன்றில் 0.2 மில்லி எண்ணெய் இருக்கும். ஒன்று அல்லது இரண்டு, நாளைக்கு மூன்று வேளை வரை, சாப்பாட்டுக்கு அரை முதல் ஒரு மணிநேரம் முன்பு. மெல்லவோ பிரிக்கவோ கூடாது. மலம் கழிக்கும்போது எரிச்சல் தெரிந்தால் எண்ணெய் முழுதும் உறிஞ்சப்படாமல் கீழே வந்திருக்கிறது, அளவைக் குறையுங்கள். லேபிளில் என்டெரிக் என்று இல்லாத சாதா ஜெலட்டின் காப்ஸ்யூல் இரைப்பையிலேயே உடைந்துவிடும். நெஞ்செரிச்சல் பற்றி மேலே சொன்னது முழுவதும் அதற்குப் பொருந்தும்.

எவ்வளவு நம்பலாம்? அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர்களின் கல்லூரி 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஐபிஎஸ்ஸுக்குப் பெப்பர்மிண்ட்டைப் பரிந்துரைக்கிறது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடு. 2020-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 190 பேரை எட்டு வாரம் கவனித்தார்கள். முதன்மையாக எதிர்பார்த்த அளவுகோலில் வெற்று மாத்திரையைவிடத் தெளிவான முன்னிலை கிடைக்கவில்லை, வயிற்றுவலியின் தீவிரம் போன்ற சிலவற்றில் நன்மை தெரிந்தது. உதவக்கூடிய மருந்துதான், எல்லாருக்கும் உதவும் என்ற உறுதி இல்லை.

அசிடிட்டி மாத்திரை சாப்பிடறேன். காப்ஸ்யூலும் சேர்த்து எடுக்கலாமா?

காப்ஸ்யூலின் மேலுறை அமிலத்தில் கரையாது, அமிலம் குறைந்த இடத்தில் கரையும். ஆன்டாசிட் குடித்த இரைப்பையில் அமிலம் குறைந்துவிடுவதால் உறை அங்கேயே கரைந்து நெஞ்செரிச்சல் வரும். ஆன்டாசிட்டுக்கும் காப்ஸ்யூலுக்கும் நடுவே இரண்டு மணிநேரமாவது விடுங்கள். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகையின் விளைவு நாள் முழுக்க நிற்பதால் இடைவெளி மட்டும் போதாது, மருத்துவரைக் கேளுங்கள்.

பெப்பர்மிண்ட் எண்ணெய் கல்லீரலில் சில மருந்துகள் சிதையும் வேகத்தைக் குறைக்கலாம். உறுப்பு மாற்றம் செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின், இரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் போன்றவை அப்படிப்பட்டவை. அவற்றை எடுப்பவர்கள் காப்ஸ்யூலைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

குழந்தைக்கு வயிறு உப்பினா கொடுக்கலாமா?

நான்கு வயதுக்குக் கீழே டீகூட வேண்டாம். 4 முதல் 11 வயது வரை நாள் முழுதுக்கும் சேர்த்து 3 முதல் 5 கிராம் காய்ந்த இலை, மூன்று வேளையாகப் பிரித்து. காப்ஸ்யூல் எட்டு வயதுக்கு மேல், அதுவும் மருத்துவர் சொன்னால்தான். கைக்குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ மெந்தால் உள்ள எதையும் தடவாதீர்கள். குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

மாசமா இருக்கேன், குமட்டலுக்குக் குடிக்கலாமா?

இலை டீ, நாளைக்கு ஒன்றிரண்டு கோப்பை என்றால் பொதுவாகத் தொந்தரவில்லை. எண்ணெய், காப்ஸ்யூல், அமிர்ததாரா மூன்றும் வேண்டாம். கர்ப்ப காலத்தின் பின்பகுதியில் எதுக்களிப்பு சகஜம் என்பதால், அப்போது டீயே எரிச்சலைக் கூட்டலாம்.

பித்தப்பையில கல் இருக்கு. கல்லைக் கரைக்கும்னு சொல்றாங்களே?

நீங்களாக எடுக்க வேண்டாம். பெப்பர்மிண்ட் பித்தநீர் சுரப்பைத் தூண்டக்கூடும், கல் குழாயில் சிக்கினால் வலி தாங்க முடியாது. பித்தக் குழாய் அடைப்பு, பித்தப்பை அழற்சி, கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு எண்ணெய் கூடவே கூடாது.

எத்தனை நாள் பார்க்கலாம்? எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

வாயுவும் பொருமலும் டீயில் அன்றைக்கே ஓரளவு அடங்க வேண்டும். காப்ஸ்யூலுக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்துங்கள். பலன் இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே மூச்சில் தொடர வேண்டாம்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விழுங்கச் சிரமம், காய்ச்சலோடு வயிற்றுவலி, கண் மஞ்சளாவது, 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் புதினாவில் நாளைக் கடத்தாதீர்கள்.

நெஞ்சுல அழுத்தமா இருந்துச்சு, கேஸ்னு நினைச்சுப் புதினா குடிச்சேன். இது சரிதானா?

ஏப்பம் விட்டதும் இறங்கும், இடம் மாறிக் குத்தும், குனிந்தால் நிமிர்ந்தால் கூடும் குறையும் என்றால் வாயுவாக இருக்கலாம். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. மாரடைப்பு வந்த பலர் முதலில் கேஸ் என்றே நினைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மேல்வயிற்று அசௌகரியம், குமட்டல், களைப்பு என்று மட்டுமேகூட அது வரலாம்.

அழுத்தம் தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்தாலும், மூச்சு வாங்கினாலும், சில நிமிடங்களில் அடங்காவிட்டாலும் டீ போட அடுப்பங்கரைக்குப் போகாதீர்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள், வண்டியை நீங்களே ஓட்ட வேண்டாம். வரும் வரை உட்கார்ந்திருங்கள், அன்று என்ன மருந்து எடுத்தீர்கள் என்பதை வந்தவர்களிடம் சொல்லுங்கள், புதினா உள்பட.